மாசி நிழலை நம்பாதீர்கள்



மார்கழியில் கோலம், தையில் பொங்கல், அது முடிந்த கையோடு மண்வெட்டி. மாசி பிறந்தாலே நமக்கு வரும் கடிதங்கள் இப்படித்தான் திரும்பிவிடுகின்றன. “முன்வாசல் பக்கம் எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புதுசா போடலாம்னு இருக்கோம், என்ன செடி வைக்கலாம்னு சொல்லுங்க” என்பதுதான் பெரும்பாலானவற்றின் சாரம். வேலூரிலிருந்து எழுதினாலும் சரி, நாகர்கோவிலிலிருந்து எழுதினாலும் சரி, கேள்வி ஒன்றுதான்.

ஆசை வருவதில் தப்பே இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண்ணில் அடி ஈரம் இன்னும் மிச்சம் இருக்கிறது. விடிகாலையில் பனி இருக்கிறது. வெயில் உறைக்கிறது, ஆனால் இன்னும் சுடவில்லை. மாமரம் பூத்து நிற்கிறது. புங்க மரம் பழைய இலையை எல்லாம் கொட்டிவிட்டுப் பளபளவென்று தளிர் விட்டிருக்கிறது. வேம்பு அடுத்து நான்தான் என்று இலையைப் பழுக்க விட்டுக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்க யாருக்கு மனம் வரும்?

நர்சரிக்காரர்களுக்கும் இது தெரியும். ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற கடியத்திலிருந்து தொட்டிச் செடிகள் லாரியில் வந்து இறங்குகின்றன. ஓசூர், பெங்களூர்ப் பக்கத்துச் சாமந்தியும் டேலியாவும் பெட்டூனியாவும் முன்வரிசையில் நின்று சிரிக்கின்றன. நானும் வாங்குவேன். பங்குனி நடுவில் போய்விடும் என்று தெரிந்தேதான் வாங்குவேன். சாமிக்கு வாங்குகிற பூ மாதிரி அது. இருக்கிற வரை கண்ணுக்குக் குளிர்ச்சி. அதையே தோட்டம் என்று எண்ணி, பத்து வருஷத்துச் செம்பருத்தியைப் பிடுங்கி அதற்கு இடம் கொடுப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை.

இங்கிலாந்து, அமெரிக்கத் தோட்டப் புத்தகங்களையும் காணொளிகளையும் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் இப்போது நிறைய. அங்கே செடிக்குப் பகை உறைபனி. பனி விலகியதும் தோட்டத்தைத் திருத்தினால், எதிரில் இருப்பது இதமான ஆறு மாதம். நமக்கு அப்படியா? மாசி முடிந்தால் வருவது பங்குனி வெயில், சித்திரை, வைகாசி, அதற்குள் மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி. மாசியில் நீங்கள் என்ன திட்டம் போட்டாலும் அது மே மாதத்து மத்தியானம் இரண்டு மணியைத் தாங்க வேண்டும். அதனால் எல்லாக் கடிதங்களுக்கும் சேர்த்து என் பதில் இது: என்ன செடி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் வீட்டு நிழலைக் கண்டுபிடியுங்கள்.

நிழல்தான் கண்ணுக்கே தெரிகிறதே, அதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது. மாசியில் தெரியும் நிழல் சித்திரையில் அங்கே இருக்காது.

சென்னையை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி நடுவில் உச்சி வேளையிலும் சூரியன் நம் தலைக்கு மேல் வருவதில்லை, தெற்கே சாய்ந்துதான் நிற்கிறது. பத்தடி உயரச் சுவர் ஒன்று வடக்குப் பக்கம் ஏறக்குறைய ஐந்தடிக்கு நிழல் போடும். அந்த ஐந்தடி இடம் ஈரமாக, குளுகுளுவென்று இருக்கும். பெரணி, குரோட்டன்ஸ், மணிபிளான்ட் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வரிசையாக வைக்கத் தோன்றும். நாள் ஆக ஆக அந்த நிழல் சுருங்கிக்கொண்டே வரும். ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது; அன்று உச்சிப் பொழுதில் சுவருக்கு நிழலே கிடையாது. கன்னியாகுமரியில் இது இரண்டு வாரம் முன்பே நடந்துவிடும். அதோடு நிற்பதும் இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை சென்னையில் சூரியன் வடகிழக்கே உதித்து, உச்சியிலும் சற்று வடக்கே தள்ளி நின்று, வடமேற்கே மறைகிறது. அதாவது, மாசியில் குளிர்ந்து கிடந்த வடக்குப் பக்கம்தான் கோடை முழுக்க வெயில் தின்னும். மாசியில் வெயில் காய்ந்த தெற்குச் சுவரில் அந்த நான்கு மாதமும் நேர் வெயில் படுவதே இல்லை. சுவரடியில் உச்சி வேளை நிழல் பத்தடிக்கு இரண்டடிக்கும் குறைவாகத்தான் இருக்கும். மாடி வீடு என்றால் அதுவே மூன்றடி, நான்கடி. ஒரு வரிசைத் தொட்டி வைக்க அது போதாதா?

தெற்கு என்றால் வெயில், வடக்கு என்றால் நிழல் என்று எழுதியிருக்கும் புத்தகம் லண்டனுக்குச் சரி. நமக்கு அரை வருஷத்துக்குத்தான் சரி.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. கோலமாவு போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, உச்சி வேளைக்கு, மாலை மூன்று மணிக்கு என நிழலின் விளிம்பில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஒரு தாளில் வீட்டின் வடிவத்தை வரைந்து, அந்த மூன்று கோட்டையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். பங்குனி நடுவில் இன்னொரு முறை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தத் தொட்டி எங்கே நகர வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். நிலத்தில் நிரந்தரமாக வைக்கப்போகும் எதையும் அதுவரை தொட்டியிலேயே வைத்திருங்கள். வீட்டில் உள்ளவர்கள் என்னவென்று கேட்டால், ஆசிரியர் சொன்னார் என்று என் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

திசைகளிலேயே பொல்லாதது மேற்கு. அது மாசியிலும் பொல்லாதது, வைகாசியிலும் பொல்லாதது. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை அடிக்கும் வெயிலைச் சுவர் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணி வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ரோஜா கருகுவதும், மிளகாய்ப் பூ கொட்டுவதும், தொட்டி மண் சுருங்கித் தொட்டியை விட்டு விலகுவதும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். மேற்கே என்ன செய்வது என்பதை நம் ஊர் வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார்கள். சோழவந்தான் பக்கமோ கும்பகோணம் பக்கமோ ஒரு கொடிக்காலுக்குள் போய்ப் பாருங்கள். வெற்றிலைக்கு முன்னால் அகத்தியை விதைத்துவிடுகிறார்கள். அகத்தி வளர்ந்து நின்ற பிறகுதான் கொடி வருகிறது. கொடி படரத் தாங்குமரமும் அதுதான், மேலே நிழலும் அதுதான். அகத்தியின் இலை சிறியது. வெயிலை முழுக்க மறைக்காது, சலித்துக் கொடுக்கும். வெளியே அனல் பறக்கும்போது கொடிக்காலுக்குள் நுழைந்தால் சட்டை ஈரமாகிற அளவுக்குப் புழுக்கமும் குளிர்ச்சியும் சேர்ந்திருக்கும்.

மேற்குச் சுவரோரம் மூன்றடிக்கு ஒன்றாக அகத்தி விதையை இந்த மாதமே ஊன்றிவிடலாம். விலை அதிகமில்லை, வளர்ச்சி வேகம், கீரைக்குக் கீரை. முதல் வருஷம் நிழல் போதாது என்றால் பீர்க்கையோ புடலையோ பந்தலில் ஏற்றுங்கள். தைப்பட்டத்துக்குச் சற்றுப் பிந்திவிட்டாலும் தண்ணீர் வசதி இருந்தால் வந்துவிடும். பழைய கொடி அவரையை மட்டும் இப்போது போடாதீர்கள். பகல் குறுகும் காலத்தில்தான் அது பூக்கும். இப்போது போட்டால் கொடி மாடி வரை ஓடும், காய் இருக்காது. அதற்கு ஆடி இருக்கிறது.

பச்சை வலை கட்டுகிறவர்கள் ஐம்பது சதவீத வலையைக் கேட்டு வாங்குங்கள். எழுபத்தைந்து போட்டால் இலை செழிக்கும், காய்க்காது. வலையைத் தலை இடிக்கும் உயரத்தில் கட்டி நான்கு பக்கமும் மூடிவிடுவதும் வேண்டாம். சூடான காற்று மேலே போக வழி வேண்டும். மேலேயும் மேற்கேயும் கட்டினால் போதும்.

சென்ற வாரம் மேற்கு மாம்பலத்தில் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே குறுகலான ஒரு சந்துதான் அவருடைய தோட்டம். தோட்டம் அமைத்துத் தருகிறவர் ஒருவர் வந்து கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்: தரை முழுக்கச் செயற்கைப் புல், ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல், மூலைக்கு மூலை பனை ஜாதிச் செடி.

“படத்துல நல்லாத்தான் இருந்தது. அதுல செருப்பில்லாம மே மாசம் நடக்க முடியுமான்னு கேட்டேன். சாயங்காலம் நடங்கம்மான்னாரு. அப்ப சாயங்காலமே வாங்க, பேசலாம்னு அனுப்பிட்டேன்” என்றார் அக்கா.

அவர் செய்திருப்பது வேறு. குளியலறைத் தண்ணீர் வெளியே வரும் குழாய்க்கு அடியில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அடியில் உடைந்த செங்கல், அதற்கு மேல் ஜல்லி, அதற்கு மேல் ஆற்றுமணல். மணலில் கல்வாழை நெருக்கமாக நட்டிருக்கிறார். தண்ணீர் மணலுக்கு மேல் தேங்குவதே இல்லை. நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ குளித்த நீர் சோப்பு நுரையோடு வந்தது, கல்வாழைத் தண்டுகளுக்கு நடுவே சுழன்றது, உள்ளே போனது. வாசனை கிடையாது. கொசு கிடையாது. பள்ளத்தின் மறுமுனையிலிருந்து கசிந்து போகிற ஈரத்தில் இரண்டு வாழையும் ஒரு பாத்தி சேம்பும் நிற்கின்றன. “2019ல லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னப்பகூட இந்த வாழை வாடலை” என்றார். அந்த வருஷம் ஜூன் மாதத்தில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். துணி துவைக்கும் எந்திரத்தின் தண்ணீரை மட்டும் அவர் இதில் விடுவதில்லை. சலவைத்தூளின் உப்பும் காரமும் மண்ணைக் கெடுத்துவிடும் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் சிக்கனம் என்று தொட்டிக்கு ஊற்றுகிறவர்களும் கவனிக்க வேண்டும். குடிநீரிலிருந்து பிரிந்த உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது. தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கிறதா என்று பாருங்கள். பூத்தால் அந்தத் தண்ணீர் வீடு துடைக்கப் போகட்டும்.

தண்ணீர் என்று வந்துவிட்டதால் சிமென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தைத் திருத்துவது என்றதும் நம்மவர்கள் முதலில் கூப்பிடுவது கொத்தனாரை. பாதைக்குச் சிமென்ட், மரத்தடிக்குச் சிமென்ட், மிச்ச இடத்துக்கு டைல்ஸ். பிறகு வெக்கை தாங்கவில்லை என்று கடிதம். 2003ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அந்தத் தொட்டிகள் பல வீடுகளில் மணல் அடைத்துக் கிடக்கின்றன. மழை இல்லாத இந்த மாதத்தில் ஜல்லியை வெளியே அள்ளிக் கழுவிப் போடுங்கள். கையோடு மரத்தைச் சுற்றி இரண்டு மூன்று அடிக்காவது சிமென்ட்டை உடைத்தெடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தெருத் தெருவாக மரங்கள் விழுந்தன. மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் அதில் ஏராளம். விழுந்த மரங்களின் வேர்த் தட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பலவற்றுக்கு வேர் பரவ இடமே விட்டுவைத்திருக்கவில்லை.

புல்தரையைப் பற்றியும் கேட்கிறீர்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டுக்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும். சமவெளியில் தினம் தண்ணீர் கேட்கும் புல்தரை எனக்கு ஒப்பவில்லை. அதே தண்ணீரில் ஒரு குடும்பத்துக்குக் கீரை வரும்.

இப்போது எல்லாத் தெருமுனையிலும் வேப்பிலைச் சருகைக் குவித்துக் கொளுத்தும் புகை எழும்பும். தயவுசெய்து அதைக் கொளுத்தாதீர்கள். நமக்கு வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் மூடாக்கு அது. செடியைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டுவிடுங்கள். புங்க இலை கிடைத்தால் இன்னும் நல்லது. தேங்காய் மட்டையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம்: மண்ணுக்குள் புதைத்தால் குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும், அப்போதுதான் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மண்ணுக்கு மேலே பரப்பினால் முதுகுப் பக்கம் மேலே. மாற்றி வைத்தால் மட்டைக் குழியில் தண்ணீர் தேங்கிக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிய புண்ணியம் வந்துசேரும்.

கத்தரிக்கோலைக் கையில் எடுத்திருப்பவர்கள் சற்று நில்லுங்கள். மல்லிகையைக் கவாத்து செய்ய நவம்பர் கடைசி வாரமும், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரமும், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரமும் ஏற்றவை என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. மூன்றும் கடந்துவிட்டன. முல்லையை இன்னும் வெட்டாதவர்கள் இந்த வாரமே வெட்டிவிடலாம். மல்லிகையில் இப்போது கை வைத்தால் பங்குனி, சித்திரை மொட்டுகளைத்தான் வெட்டி எறிவீர்கள். காய்ந்த குச்சிகளை மட்டும் எடுத்துவிட்டு இந்த வருஷத்தை அதன் போக்கில் விடுங்கள். முருங்கையும் காய்த்து ஓயட்டும். பெரியகுளம் பி.கே.எம்.1 வைத்திருப்பவர்கள் காய் முடிந்ததும் மூன்றடி உயரம் விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும். பூத்திருக்கும் மாமரத்தைத் தொடவே வேண்டாம்.

செம்பருத்தியை ஏன் பிடுங்குகிறீர்கள் என்று கேட்டால் மாவுப்பூச்சி என்கிறார்கள். 2008ல் கோவைப் பகுதியில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி எதையும் விட்டுவைக்கவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிகளை வயல்களில் விட்ட பிறகுதான் அது அடங்கியது. கடுகைவிடச் சிறிய பூச்சி அந்தக் குளவி. நாம் அடிக்கும் மருந்தில் முதலில் சாவதும் அதுதான். செம்பருத்தியின் நுனியைக் கிள்ளி எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி, தண்டில் எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

மரம் வைக்க வேண்டும் என்கிற துடிப்பு உள்ளவர்கள் இந்த மாதம் குழியை மட்டும் வெட்டுங்கள். மாவுக்கும் பலாவுக்கும் மூன்றடி நீளம், அகலம், ஆழம். வெட்டிய மண்ணில் மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்து, குழியை வெயிலில் ஆறப்போடுங்கள். கன்று ஆடிக்குப் பிறகு மழையைப் பார்த்து வரட்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் குழியின் மேல் ஒரு பலகை போட மறக்க வேண்டாம்.

அடுக்குமாடிக்காரர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கும் இதே சூரியன்தான். வடக்குப் பார்த்த பால்கனி இப்போது இருட்டாக இருக்கிறதே என்று வருந்த வேண்டாம். எதிரே இன்னொரு கட்டடம் மறைக்காவிட்டால் சித்திரை தொட்டு ஆவணி வரை வெயில் வரும். புதினாவும் கீரையும் தாராளமாகப் போடலாம். தெற்குப் பால்கனியில் இப்போது காய்க்கிற தக்காளி கோடையில் சுணங்கும். அப்போது அந்த இடத்தைப் பெரணிக்குக் கொடுத்துவிடுங்கள். மொட்டை மாடியில் பைகளை நேராகக் கான்கிரீட்டில் வைத்தால் வேர் வெந்துபோகும். செங்கல் மேல் பலகை போட்டு வையுங்கள். ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய ஐம்பது கிலோ எடை இருக்கும். அதனால் பைகளை நடுமாடியில் குவிக்காமல் கீழே சுவர் இருக்கிற ஓரமாக, உத்தரத்தின் மேல் வரிசையாக வையுங்கள். பழைய கட்டடம் என்றால் பொறியாளரை ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

சித்திரை இதழில் வாசகர் தோட்டத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். செடிகளின் புகைப்படம் இந்த முறை வேண்டாம். கோலமாவுக் கோடுகளைக் குறித்த அந்த இரண்டு தாளையும் அனுப்புங்கள். ஊர்ப் பெயர், வீடு எந்தத் திசை பார்த்தது, எத்தனை மாடி என்பதையும் எழுதுங்கள். பங்குனி 20க்குள் வந்து சேர வேண்டும். வந்தவற்றில் சிலவற்றை எடுத்து, எந்தச் செடியை எங்கே வைப்பது என்று நம் தோட்டக்கலை நண்பர்களை உட்காரவைத்துப் பேசி வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்